அக்டோபர் கடலோரப் பயணம்: கேபட் டிரெயிலா, மேய்னா, கலிபோர்னியாவா?

வட அமெரிக்காவில் இலையுதிர் காலத்தில் கடலோரமாகக் கார் ஓட்டிச் செல்ல ஒரு வாரம் ஒதுக்கியிருப்பவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களுக்கிடையே தடுமாறுவார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் கேப் பிரெட்டன் தீவின் வடபகுதியைச் சுற்றிவரும் கேபட் டிரெயில் ஒன்று. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மேய்ன் மாநிலக் கரை மற்றொன்று. கலிபோர்னியாவில் பிக் சர் மலைகளை ஒட்டி ஓடும் ஒன்றாம் எண் மாநிலச் சாலை மூன்றாவது. மூன்றும் அழகானவைதாம் என்று சொல்லி நகர்ந்துவிட்டால், விமானச் சீட்டு வாங்கக் காத்திருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இவற்றைப் பிரித்தறிய உதவுவது, அக்டோபர் மாதம் ஒவ்வொரு கரையிலும் என்ன செய்கிறது என்ற கேள்வி. கிழக்குக் கரையில் அது இலைகள் நிறம் மாறும் மாதம். மேற்குக் கரையிலோ கோடை முழுதும் கடலை மறைத்திருந்த மூடுபனி விலகும் மாதம். நிறம் மாறிய காட்டையும் கடலையும் ஒரே பார்வையில் காண வேண்டும் என்பவர்கள், அக்டோபர் இரண்டாம் வாரத்தில் விடுப்பு கிடைக்குமானால், கேப் பிரெட்டனுக்கே செல்ல வேண்டும் என்பது என் முடிவு. மற்ற இரண்டும் அதற்குக் குறைந்தவை அல்ல. ஆனால் அவை வேறு தேவைகளுக்கு விடையளிப்பவை. அந்தத் தேவைகள் எவை என்பதைப் பார்ப்போம்.

கேபட் டிரெயில் 298 கிலோமீட்டர் நீளமுள்ள வளையச் சாலை. 1932-இல் கட்டி முடிக்கப்பட்ட இதற்கு, 1497-இல் இப்பகுதிக் கடலுக்கு வந்த மாலுமி ஜான் கேபட்டின் பெயர் இடப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1936-இல், இச்சாலை சூழ்ந்திருக்கும் மேட்டுநிலத்தின் பெரும்பகுதி கேப் பிரெட்டன் ஹைலேண்ட்ஸ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 950 சதுர கிலோமீட்டர். ஹாலிஃபாக்ஸ் நகரிலிருந்து கான்சோ தரைப்பாலம் வழியாகத் தீவுக்குள் நுழைந்து, வளையத்தின் வழக்கமான தொடக்க ஊரான பாடெக்கை அடைய நான்கு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். 1955-இல் திறக்கப்பட்ட அந்தத் தரைப்பாலம் வருமுன் தீவுக்குப் படகில்தான் போக முடிந்தது. டொரன்டோவிலிருந்து காரிலேயே வந்துவிடலாம் என்று நினைக்கும் நம்மவர்கள் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது: ஒரு வழித் தொலைவு 1,800 கிலோமீட்டருக்கு மேல், ஒரு வாரத்தில் நான்கு நாள் அதிலேயே கரைந்துபோகும். ஹாலிஃபாக்ஸுக்கோ சிட்னிக்கோ (இது கேப் பிரெட்டனிலுள்ள சிட்னி) பறந்துசென்று வாடகைக் கார் எடுப்பதே அறிவுடைமை.

இச்சாலையின் சிறப்பு, காடு கடலோடு மோதும் விதத்தில் இருக்கிறது. தீவின் நடுவே உயர்ந்து நிற்கும் மேட்டுநிலம் மேற்குக் கரையில் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. ஷெட்டிகாம்ப் ஊரைத் தாண்டியதும் சாலை கடல் மட்டத்திலிருந்து பிரெஞ்சு மலை மீது 400 மீட்டருக்கு மேல் ஏறி, மக்கென்சி மலையில் வளைந்து வளைந்து பிளசன்ட் பே விரிகுடாவுக்கு மீண்டும் இறங்குகிறது. பள்ளத்தாக்குகளில் மேப்பிள், பிர்ச் போன்ற இலையுதிர் மரங்கள்; உச்சியில் ஸ்புரூஸ், ஃபர் எனும் ஊசியிலை மரங்கள். ஆகவே ஒரே மலைச்சரிவில் கீழே சிவப்பும் மஞ்சளும், மேலே கரும்பச்சையும், அடியில் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் நீலமும் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. ஸ்கைலைன் எனப்படும் நடைபாதை இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. போய்வர ஏறத்தாழ 7 கிலோமீட்டர், பெரிய ஏற்றமில்லை, முடிவில் மலை நுனியில் அமைத்த மரப்படிகளிலிருந்து, சற்று முன் நாம் ஏறிவந்த சாலையையே கீழே பார்க்கலாம். இது மேற்கு நோக்கிய இடம் என்பதால் மாலைக்கு உகந்தது. ஆனால் இருட்டியபின் திரும்பி நடக்க விளக்கு வேண்டும்.

நடக்க இயலாத பெரியவர்கள் உடன் வந்தால், பிளசன்ட் பேக்குக் கிழக்கே லோன் ஷீலிங் என்ற இடத்தில் நிறுத்தலாம். ஸ்காட்லாந்து மேய்ப்பர் குடிலின் மாதிரி ஒன்று அங்கே கட்டப்பட்டிருக்கிறது. குடில் ஒரு சாக்குத்தான். அதைச் சுற்றி நிற்கும் சர்க்கரை மேப்பிள் மரங்களில் சில 350 ஆண்டு வரை வயதுடையவை, அவற்றினூடே செல்லும் பாதை சில நிமிட நடையே.

இலை நிறத்துக்கு நாள் குறிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பகல் சுருங்கி இரவு குளிரத் தொடங்கும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைந்து, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. சிவப்பு நிறமி அந்தப் பருவத்தில்தான் புதிதாக உருவாகிறது. கோடை வெப்பத்தைத் தேக்கிவைத்திருக்கும் கடல் கரையோர இரவுகளைச் சற்று மிதமாக வைத்திருப்பதால், கரையோரக் காடுகள் உள்நாட்டுக் காடுகளுக்குப் பிந்தியே நிறம் மாறுகின்றன. கேப் பிரெட்டனில் அது பொதுவாக அக்டோபர் இரண்டாம் வாரத்தை ஒட்டி உச்சத்தை அடைகிறது. அதே வாரத்தில்தான் கனடாவின் நன்றியறிதல் நாளும், அதற்கு முந்திய வெள்ளியன்று தொடங்கி ஒன்பது நாள் நடக்கும் செல்டிக் கலர்ஸ் இசை விழாவும் வருகின்றன. 1997-இல் தொடங்கிய இவ்விழா பெரிய அரங்கில் நடப்பதன்று. தேவாலயங்கள், ஊர்ச் சமூகக் கூடங்கள், தீயணைப்பு நிலையக் கூடங்கள் எனத் தீவு முழுவதும் சிதறி நடக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்களின் பிடில் மரபும் கேலிக் மொழிப் பாட்டும் மபூ, ஜூடிக் போன்ற சிற்றூர்களில் இன்றும் வீட்டுச் சொத்தாகவே இருக்கின்றன. ஷெட்டிகாம்ப் பக்கம் போனால் 1755-இல் நாடு கடத்தப்பட்ட அகேடியர்கள் எனும் பிரெஞ்சுக் குடியேறிகளின் வழிவந்தோர் பிரெஞ்சு பேசுகிறார்கள். இலையைப் பார்க்க வந்தவருக்கு மாலைப்பொழுதைக் கழிக்கவும் ஒரு நிகழ்ச்சி கிடைப்பது மற்ற இரு கரைகளிலும் இல்லாத வசதி.

குறைகளும் உண்டு. நன்றியறிதல் நாள் கடந்ததும் விடுதிகளும் உணவகங்களும் வரிசையாக அடைக்கத் தொடங்குகின்றன. திமிங்கிலம் காட்டும் படகுகள் அதற்கு முன்பே குறைந்துவிடும். அட்லாண்டிக் புயல்களின் வால் இங்கே வரை நீளும். 2022 செப்டம்பர் 24 அன்று வந்த ஃபியோனா, மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துப் பல நாள் மின்சாரத்தைத் துண்டித்தது. சைவ உணவு உண்பவர்களுக்கு இப்பகுதி கடினமானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சமையலறை உள்ள குடிலாகப் பார்த்து எடுத்து, அரிசியும் பருப்பும் ஹாலிஃபாக்ஸிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

மேய்னுக்கு வருவோம். வரைபடத்தில் நேர்க்கோடாக அளந்தால் இம்மாநிலக் கரை 230 மைல் அளவே. ஒவ்வொரு கழியையும் முனையையும் சுற்றி அளந்தால் 3,400 மைலைத் தாண்டும். இந்த வேறுபாட்டில்தான் மேய்ன் பயணத்தின் சிக்கல் முழுதும் அடங்கியிருக்கிறது. முதலாம் எண் நெடுஞ்சாலை கடலோரச் சாலை என்று பெயர் பெற்றிருந்தாலும், அதில் ஓட்டிச் செல்பவர் கடலைக் காண்பது அரிது. ஆற்று முகங்களைக் கடக்கும்போது சற்றுத் தெரியும், பிறகு கடைகளும் எரிபொருள் நிலையங்களும்தான். கடல் வேண்டுமென்றால் விரல்களைப் போல் தெற்கு நோக்கி நீண்டிருக்கும் தீபகற்பங்கள் ஒவ்வொன்றிலும் இறங்கி, முனையிலுள்ள கலங்கரை விளக்கத்தையோ மீன்பிடித் துறையையோ பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி ஏற வேண்டும். பெமக்விட் முனை அவ்வாறு இறங்கிப் பார்க்கத் தகுந்தது. எல்லாவற்றிலும் இறங்க முயல்பவர் வாரம் முழுவதையும் இதிலேயே கழிப்பார். எனவே மேய்னில் ஓட்டுவதையே இன்பமாகக் கொள்பவர் ஏமாற்றமடையக்கூடும். நிறுத்தி நிறுத்தித் தங்குபவருக்கே அது பொருந்தும்.

விதிவிலக்கு, மவுண்ட் டெசர்ட் தீவிலுள்ள அகேடியா தேசியப் பூங்கா. அங்கே 27 மைல் நீளமுள்ள பூங்காச் சுற்றுச்சாலை கருங்கல் பாறைக் கரையை ஒட்டியே செல்கிறது. இங்கு இலைகள் இவ்வளவு நிறம் காட்டுவதற்கு ஒரு பேரழிவு காரணம் என்பது பலருக்குத் தெரியாது. 1947-ஆம் ஆண்டு நீண்ட வறட்சிக்குப் பின் அக்டோபரில் பற்றிய தீ, தீவில் 17,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அதில் 10,000 ஏக்கருக்கு மேல் பூங்கா நிலம். பார் ஹார்பரில் செல்வந்தர்கள் கட்டியிருந்த 67 கோடை மாளிகைகளும், ஊர்மக்களின் 170 வீடுகளும் அழிந்தன. எரிந்த இடங்களில் பெரும்பாலும் ஸ்புரூஸும் ஃபரும்தான் நின்றிருந்தன. வெயில் விழுந்த வெற்று நிலத்தில் முதலில் முளைத்தவை பிர்ச்சும் ஆஸ்பெனும் போன்ற இலையுதிர் மரங்கள். இன்று பயணிகள் படமெடுக்கும் மஞ்சள் சரிவுகளில் பெரும்பகுதி அந்தத் தீயின் எல்லைக்குள் வருபவை. இங்கே உச்சம் அக்டோபர் நடுப்பகுதியில்; கேப் பிரெட்டனைவிடச் சில நாள் தாமதம். விடுப்பு ஒரு வாரம் தள்ளிப் போனால் மேய்ன் இன்னும் கைகொடுக்கும்.

கேடிலாக் மலை 1,530 அடி உயரமே உடையது. ஆனால் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் அதுவே மிக உயர்ந்தது. அக்டோபர் முற்பகுதியிலிருந்து மார்ச் முற்பகுதி வரை அந்நாட்டில் முதலில் சூரியன் தெரியும் இடங்களுள் ஒன்றாகவும் அது கருதப்படுகிறது. அங்கே காரில் ஏற, மே பிற்பகுதியிலிருந்து அக்டோபர் பிற்பகுதி வரை, காருக்கு 6 டாலர் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். சீட்டுகளில் 30 விழுக்காடு 90 நாள் முன்பும், எஞ்சிய 70 விழுக்காடு இரண்டு நாள் முன்பும் வெளியிடப்படுகின்றன. முதற்பங்கு கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மேகம் இருக்குமா என்று முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு இரண்டாம் பங்கில் முயல்வதே உண்மையில் நல்ல உத்தி. இந்தியாவிலிருந்து வரும் பெற்றோருடன் செல்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: 2026 முதல், அகேடியா உட்பட 11 தேசியப் பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரிடமும் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 100 டாலர் வசூலிக்கப்படுகிறது. ஆண்டுச் சீட்டு வாங்கினால் இதைத் தவிர்க்கலாம்; வசிக்காதவர்களுக்கு அதன் விலையும் 250 டாலர்.

பெரியவர்களையும் சிறுவர்களையும் அழைத்துச் செல்ல மேய்னே மூன்றில் எளிதானது. சாலைகள் தட்டையானவை, ஊர்கள் நெருக்கமானவை, மருத்துவமனையும் மருந்துக்கடையும் தொலைவில் இல்லை. அகேடியாவுக்குள் செல்வந்தர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் அமைத்துக் கொடுத்த 45 மைல் வண்டிப்பாதைகளில் கார்களுக்கு அனுமதி இல்லை. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க அவற்றைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். சிங்கி இறால் உண்பவர்களுக்கும் மேய்னே: இங்கே கோடையும் இலையுதிர் காலமும்தான் பிடிப்பு மிகுந்த பருவம், கேப் பிரெட்டனிலோ அது ஜூலையோடு முடிந்துவிடுகிறது. ஜோர்டான் பாண்ட் ஹவுஸ் உணவகத்தின் பாப்ஓவர் ரொட்டி புகழ்பெற்றது. முட்டை சேர்வதால் நம்மவர்களில் சிலருக்கு அது விலக்கு. மாலை சீக்கிரம் வந்துவிடும் என்பதுதான் பலர் எதிர்பாராதது. அக்டோபர் நடுவில் பார் ஹார்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. கேப் பிரெட்டனில் அட்லாண்டிக் நேரத்தின் தயவால் ஆறரை மணி வரை வெளிச்சம் இருக்கும்.

கலிபோர்னியாவில் காரணமே வேறு. வசந்தத்திலும் கோடையிலும் வீசும் வடமேற்குக் காற்று கரையோர மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அதன்மீது வரும் ஈரக்காற்று மூடுபனியாகிறது. ஜூலையில் பிக் சர் சென்றவர்கள் பலர் வெண்திரையை மட்டும் பார்த்துத் திரும்புவது இதனால்தான். செப்டம்பர், அக்டோபரில் காற்று தணிந்து பனி விலகுகிறது. கரையில் ஆண்டின் மிகத் தெளிவான, வெதுவெதுப்பான நாள்கள் அப்போதுதான் வருகின்றன. கார்மெலிலிருந்து சான் சிமியோன் வரை ஏறத்தாழ 90 மைல். 1932-இல் கட்டப்பட்ட பிக்ஸ்பி பாலம் ஓடைக்கு மேல் 260 அடி உயரத்தில் நிற்கிறது. சாலை முழுதும் 1937-இல் திறக்கப்பட்டது. ஓட்டுவதற்கான சாலை என்று மட்டும் பார்த்தால், இம்மூன்றில் இதுவே முதலிடம் பெறும். கேப் பிரெட்டனை நான் பரிந்துரைத்தாலும் இதை மறுக்க முடியாது. மெக்வே அருவி 80 அடி உயரத்திலிருந்து கடற்கரை மணலில் விழுகிறது. வானில் பெரிய கழுகுபோல் ஒன்று வட்டமிட்டால் அது கலிபோர்னியா காண்டராக இருக்கலாம். 1987-இல் காட்டில் எஞ்சியிருந்தவை அனைத்தும் பிடிக்கப்பட்டு, வளர்ப்பிடங்களில் பெருக்கப்பட்டு, 1997 முதல் இப்பகுதியில் மீண்டும் விடப்பட்டவற்றின் வழிவந்தது. ஆனால் இலை நிறம் என்று எதுவும் இங்கே பெரிதாக இல்லை. ஓடைக்கரைகளில் கொஞ்சம் மஞ்சள், மலைச்சரிவில் காய்ந்த புல்லின் பொன்னிறம், அவ்வளவே.

இங்குள்ள பெரிய அச்சம் சாலை மூடப்படுவது. சான்டா லூசியா மலைத்தொடரின் நொறுங்கும் பாறைகள், கோடைத் தீயில் மரங்களை இழந்தபின் வரும் மழையில் சரிகின்றன. 2016-இல் சோபரானஸ் தீ 1,32,000 ஏக்கர் எரித்தது. 2017 மே மாதம் மட் கிரீக் என்ற இடத்தில் மலையே சரிந்து சாலையைப் புதைத்தது. அது மீண்டும் திறக்க 2018 ஜூலை ஆயிற்று. 2021-லும், 2023 முதல் 2026 தொடக்கம் வரையிலும் வெவ்வேறு இடங்களில் இதே கதை. அடைப்பு இருந்தால் பெரும்பாலும் வந்த வழியே திரும்பி, உள்நாட்டு 101-ஆம் எண் நெடுஞ்சாலையில் சுற்ற வேண்டும். அக்டோபரில் குளிர்கால மழை இன்னும் தொடங்கியிருக்காது என்பதால் புதிய சரிவுக்கு வாய்ப்பு குறைவு. ஆனால் சென்ற குளிர்காலத்துச் சரிவு சீராகிவிட்டதா என்பதைக் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸின் சாலை நிலவரத்தில் பார்க்காமல் அறை பதிவு செய்யக் கூடாது. நவம்பருக்குத் தள்ளிப் போனாலும் பயணம் பாழாகாத ஒரே கரையும் இதுதான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் உறவினர் இருப்பவர்கள் சன்னிவேலிலேயே சாப்பாடு கட்டிக்கொண்டு புறப்படலாம். பிக் சரில் உணவும் எரிபொருளும் விலை அதிகம், கைப்பேசித் தொடர்பு பெரும்பாலும் இல்லை.

ஓரிகனை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்பவர்களுக்கு: 363 மைல் கரை முழுவதையும் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மக்களுக்கே உரியதாக்கிய மாநிலம் அது, பாலங்களும் கலங்கரை விளக்கங்களும் சிறந்தவை. ஆனால் அதற்குரிய மாதம் செப்டம்பர். அக்டோபர் நடுவில் மழை தொடங்கிவிடுகிறது. சீறும் அலைகளைச் சன்னலோரத்தில் அமர்ந்து பார்க்க விரும்புபவர்கள் தாராளமாகப் போகலாம்.

ஓட்டும் திசையும் முடிவைப் பாதிக்கும் விஷயமே. இரு நாடுகளிலும் வலப்புறம் ஓட்ட வேண்டியிருப்பதால், கலிபோர்னியாவில் வடக்கிலிருந்து தெற்கே சென்றால் கடல் நம் பக்கத்தில் இருக்கும். பார்வையிடங்களில் எதிர்ச்சாரியைக் கடக்காமல் ஒதுங்கலாம். கேபட் டிரெயிலில் இதே பயனைப் பெற இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். உயரத்தில் ஓட்ட அஞ்சுபவர்கள் வலஞ்சுழியாகச் சென்று மலையை ஒட்டிய தடத்தில் போகலாம். காட்சி சற்றுக் குறையும், நெஞ்சுத் துடிப்பும் குறையும். பிக் சர் சாலையிலும் தெற்கிலிருந்து வடக்கே வந்தால் இந்தத் தப்பிப்பு உண்டு. கேப் பிரெட்டனில் அந்தி மங்கியபின் ஓட்டாமல் இருப்பது நல்லது. மூஸ் எனப்படும் பெரிய மான்களுக்கு இலையுதிர் காலம் இணைசேரும் பருவம். அவை சாலையில் நிற்கும். அவற்றின் கால்கள் நீளமானவை என்பதால் மோதினால் உடல் முழுவதும் கண்ணாடி மீதே விழும்.

விசாவே சிலருக்கு முடிவைத் தீர்மானித்துவிடும். இந்தியக் கடவுச்சீட்டுடன் எச்-1பி விசாவில் அமெரிக்காவில் பணிபுரிபவர்கள் கேப் பிரெட்டனுக்குப் போகக் கனடா விசா தனியாக எடுக்க வேண்டும்; பசுமை அட்டை உள்ளவர்களுக்கு அது தேவையில்லை. பெற்றோருக்கு அமெரிக்க விசா மட்டும் இருந்தால் மேய்னுக்கே போய்விடுவது நிம்மதி. மேய்னையும் நோவா ஸ்கோஷியாவையும் ஒரே வாரத்தில் இணைக்கும் ஆசையை மட்டும் கைவிட வேண்டும். பார் ஹார்பரிலிருந்து யார்மத்துக்குக் கோடையில் படகு உண்டு என்பது உண்மை. ஆனால் யார்மத்தில் இறங்கியபின் பாடெக்குக்கு இன்னும் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும்.

முன்பதிவில் அவசரம் வேறுபடுகிறது. கலிபோர்னியாவில், கட்டணமின்றி இரத்து செய்யக்கூடிய அறைகளாக, கார்மெல் பக்கம் ஒன்றும் சான் சிமியோன் பக்கம் ஒன்றும் எடுத்தால், சாலை அடைத்தாலும் பாதிப் பயணமாவது மிஞ்சும். மேய்னில் அக்டோபர் இரண்டாம் திங்களன்று வரும் அமெரிக்க விடுமுறையைத் தவிர்த்து, அதற்கடுத்த செவ்வாயன்று பார் ஹார்பருக்குள் நுழைந்தால் கூட்டமும் கட்டணமும் இறங்கியிருக்கும். கேப் பிரெட்டனில் இந்தத் தந்திரம் செல்லாது, ஏனெனில் விழா அந்த வாரம் முழுதும் நீள்கிறது. கோடையிலேயே பதிவு செய்துவிட வேண்டும். பாடெக்கிலும் ஷெட்டிகாம்பிலும் இடமில்லை என்று வந்தால், பாடெக்கிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள சிட்னியில் தங்கி, வளையத்தின் கிழக்குப் பாதியை ஒரு நாளும் மேற்குப் பாதியை ஒரு நாளுமாகச் சுற்றலாம். நகரம் என்பதால் அங்கே விழா முடிந்தபிறகும் கடைகள் திறந்திருக்கும்.